கட்டடக்கலை பயில எந்தக் கல்லூரி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இயற்பியல் படிக்கும் மாணவன் கட்டடக்கலைக் கல்லூரிகளைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் வியக்கலாம். கேள்வி நியாயமானதே. நான் பதினொரு நாள்கள் கட்டடக்கலை மாணவனாக இருந்தவன். அந்தப் பதினொரு நாள்களும், அதற்குப் பின் அப்பாவோடு சென்ட்ரிங் வேலைக்குப் போன ஓராண்டும் எனக்குக் கற்பித்தவற்றை இப்போது என் தங்கைக்காக மறுபடியும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவள் இவ்வாண்டு பிளஸ் டூ படிக்கிறாள். ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்கிறாள். வீட்டில் எவரும் அதை எதிர்க்கவில்லை. எந்தக் கல்லூரி என்பதில்தான் நான்கு பேருக்கும் நான்கு கருத்து. நம் கல்லூரியில் என்னைப் போல் தம்பி தங்கைக்கு வழி சொல்ல வேண்டிய நிலையில் பலர் உள்ளனர். நம் வீடுகளில் விவரம் கேட்க வேறு ஆள் கிடையாது. முதலில் கல்லூரிப் படியேறியவர்கள் நாமே. ஆகவே எழுதுகிறேன்.

முதற்கண் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கட்டடப் பொறியியல் வேறு, கட்டடக்கலை வேறு. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தளத்துக்குப் பலகை அடிக்கும் என் அப்பா இந்த வேறுபாட்டைத் தம் பாணியில் சொல்வார்: "இஞ்சினியரு வந்தா கம்பியப் பாப்பாரு. ஆர்க்கிடெக்ட் வந்தா வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாப்பாரு." கட்டடம் விழாமல் நிற்க வேண்டியது ஒருவர் கவலை. அதற்குள் மனிதன் எப்படி நடப்பான், எங்கே அமர்வான், காற்று எந்த வழியில் வந்து எந்த வழியில் போகும் என்பது மற்றவர் கவலை. இரண்டையும் ஒன்றென்று எண்ணிச் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் வருந்துவோர் உண்டு.

பி.ஆர்க். பட்டப் படிப்பு ஐந்தாண்டு. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருத்தல் வேண்டும். கணிதத்துடன் மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். 2006 முதல் நடைபெறும் 'நாட்டா' என்னும் தேசியத் திறனறி தேர்வில் கையால் வரையும் பகுதி ஒன்று, கணினியில் விடையளிக்கும் பகுதி ஒன்று. ஓராண்டில் ஒரு முறைக்கு மேலும் எழுதலாம்; அவற்றுள் உயர்ந்த மதிப்பெண்ணே கணக்கு. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் இம்மதிப்பெண்ணுக்குப் பாதியும் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பாதியுமாகச் சேர்த்துத் தரவரிசை இடுவர். திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கு வழி வேறு; அங்கே ஜே.இ.இ. மெயின் தேர்வின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். தேர்வு பற்றி இவ்வளவு போதும். பயிற்சி நூல்கள் கடைதோறும் கிடைக்கின்றன. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் நூல் இல்லை.

தேர்வுக்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டத்தின்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவரே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். மன்றம் ஏற்காத கல்லூரியில் ஐந்தாண்டு படித்து வந்தால் அப்பதிவு கிட்டாது. எந்தக் கல்லூரிக்கு அனுமதி, எத்தனை இடங்கள் என்ற பட்டியலை மன்றம் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. விளம்பரத்தில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் அந்தப் பட்டியலில் பார்த்துவிட வேண்டும். இதற்கு அரைமணி நேரங்கூட ஆகாது.

நிற்க. நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டாம். அரசுப் பள்ளியில் எங்கள் ஓவிய ஆசிரியர்தான் இப்படியொரு படிப்பு இருப்பதைச் சொன்னார். தேர்வுக் கட்டணத்துக்கும் அவரே பாதி கொடுத்தார். கலந்தாய்வில் என் எண் வந்தபோது கணினி மையத்தில் உட்கார்ந்து கல்லூரிகளின் படங்களைப் பார்த்தேன். ஒரு கல்லூரியின் முகப்பு முழுவதும் கண்ணாடி. முன்னே புல்வெளி. அதை முதல் விருப்பமாகக் குறித்தேன். கிடைத்துவிட்டது. ஊர் எங்களிடமிருந்து முந்நூறு கிலோமீட்டர். கண்ணாடி முகப்பு மேற்கு நோக்கி இருந்தது என்பதையும், பிற்பகல் இரண்டு மணிக்குமேல் அந்த வகுப்பறைகளில் அமர முடியாது என்பதையும் போன பிறகுதான் அறிந்தேன்.

முதல் நாளே ஒரு பட்டியல் தந்தார்கள். வரைபலகை, டி-ஸ்கொயர், முக்கோண மட்டங்கள், கிளட்ச் பென்சில்கள், காட்ரிட்ஜ் தாள்கள், மவுண்ட் போர்டு, வெட்டும் கத்தி, அதற்கு அடியில் விரிக்கும் பாய். எல்லாமாக 6,400 ரூபாய் ஆயிற்று. அப்பாவுக்கு அப்போது நாள் கூலி 900 ரூபாய். மழை மாதங்களில் அதுவும் இராது. ஒரு வாரக் கூலிக்கு மேல் காகிதமும் அட்டையும் என்றால் எங்கள் வீட்டில் அது புரியக்கூடிய கணக்கன்று. போதாததற்கு, கலந்தாய்வுத் தாளில் இல்லாத வேறு கட்டணங்களும் வந்தன. ஸ்டுடியோவுக்கு என்று ஒன்று, கல்விச் சுற்றுலாவுக்கு என்று ஒன்று. அடுத்த பருவத்திலிருந்து மடிக்கணினி இல்லாமல் முடியாது என்று மூத்த மாணவர்கள் சொன்னார்கள். அதுவும் சாதாரணக் கணினி போதாதாம்.

ஆறாம் நாள் ஒரு பயிற்சி. ஒரே தாளை மடித்தும் வெட்டியும் இரண்டு நாற்காலிகளுக்கு இடையே பாலம் அமைக்க வேண்டும். அதன்மேல் ஒரு செங்கல் நிற்க வேண்டும். எனக்கு அது விளையாட்டு. தகரத்தில் விசிறி மடிப்பு இருந்தால் ஏன் வளையாது என்பது சென்ட்ரிங் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா? என் பாலத்தில் செங்கல் நின்றது. ஆசிரியர் ஆங்கிலத்தில், ஏன் இப்படி மடித்தாய் என்று கேட்டார். கேள்வி விளங்கிற்று. பதிலும் தெரியும். வாய் வரவில்லை. பக்கத்து மாணவனின் பாலம் சரிந்து விழுந்தது; ஆனால் அவன் ஐந்து நிமிடம் தன் எண்ணத்தை விளக்கினான், அனைவரும் கேட்டார்கள். இந்தப் படிப்பில் இதற்கு ஜூரி என்று பெயர். செய்ததைச் சுவரில் மாட்டிவிட்டு, அதன் முன்னே நின்று வாதாட வேண்டும். ஐந்தாண்டும் இப்படியே. ஆசிரியர் என்னைக் கடிந்து பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாலையில் தனியே அழைத்து, தமிழிலேயே சொல் என்றார். சொன்னேன். கேட்டுத் தலையசைத்தார்.

பதினோராம் நாள் ஊர் திரும்பினேன். ஆங்கிலம் வரவில்லை, அதனால் வந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். சான்றிதழ்களைத் திரும்பப் பெற மூன்று மாதங்கள் அலைந்தோம். அதற்குள் கலைக் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்துவிட்டது. ஆகவே ஓராண்டு சவுக்குக் கம்பு தூக்கினேன்.

அந்த ஆண்டில் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டு வேலை. அதன் வரைபடம் போட்ட அம்மையார் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். மதிய நேரம் பலகை அடுக்கின்மேல் அமர்ந்து, எங்களோடு தேநீர் குடிப்பார். நான் கட்டடக்கலைக் கல்லூரியிலிருந்து வந்துவிட்டவன் என்று அப்பா அவரிடம் சொல்லிவிட்டார். "எப்படித் தம்பி காலேஜ் செலக்ட் பண்ணுன?" என்று கேட்டார். கண்ணாடிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு அவர் சொன்ன சிலவற்றைத்தான் இன்று தங்கைக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரியைப் பகல் பத்து மணிக்குப் பார்க்காதே, இரவு பத்து மணிக்குப் பார் என்றார் அவர். பகலில் எல்லாக் கல்லூரியும் ஒன்றுதான். இரவில் ஸ்டுடியோ திறந்திருக்கிறதா, மாணவர்கள் சேர்ந்து வேலை செய்கிறார்களா, அல்லது ஆளுக்கொரு அறையில் கதவை மூடிக்கொண்டு இருக்கிறார்களா என்பது தெரிய வேண்டும். இந்தப் படிப்பில் பாதியைப் பக்கத்து மேசைக்காரனிடம்தான் கற்கிறோம் என்பது அவர் கட்சி. பெண்கள் விடுதியின் கதவு எத்தனை மணிக்கு அடைபடுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளச் சொன்னார். ஒன்பது மணிக்கு அடைத்துவிட்டால், ஸ்டுடியோ இரவு முழுதும் திறந்திருந்து பெண்களுக்கு என்ன பயன்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. தங்கைக்கு என்று வந்தபோதுதான் அதன் முக்கியம் புரிந்தது.

இன்னொன்று, முதலாண்டு மாணவர்களின் வேலையைப் பார்க்காமல் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது. பல கல்லூரிகளில் ஆண்டுதோறும் கண்காட்சி வைக்கிறார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம். நாற்பது பேரின் வேலையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால் ஆசிரியர் ஒருவரே நாற்பது முறை வரைந்திருக்கிறார் என்று பொருளாம். ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால், பிள்ளைகளைச் சிந்திக்க விட்டிருக்கிறார்கள். மரவேலைப் பட்டறை இருக்கிறதா, அங்கே தரையில் மரத்தூள் கிடக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். தரை பளபளவென்று இருந்தால் பட்டறை ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறக்கப்படுவதாக இருக்கலாம்.

கல்லூரி இருக்கும் ஊரும் ஒரு பாடநூல் என்பதை அவர் சொல்லித்தான் நான் எண்ணத் தொடங்கினேன். அகமதாபாத்தில் பாலகிருஷ்ண தோஷி 1962-இல் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளியில் பயிலும் மாணவன், அதே ஊரில் லெ கார்புசியே கட்டிய ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடத்தையும், லூயி கான் வடிவமைத்த மேலாண்மைக் கழகத்தையும் மாலை நேரத்தில் நடந்து பார்த்து வரலாம். சற்றுத் தொலைவில் அடாலஜ் படிக்கிணறு. மும்பை ஜே.ஜே. கல்லூரி மாணவனுக்கு ரயில் நிலையமே பாடம். சென்னையில் 1957-இல் கிண்டியில் தொடங்கிய பிரிவு இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியாக விளங்குகிறது. அங்கே படிப்பவனுக்கு மயிலாப்பூர் மாட வீதியும் உண்டு, எழும்பூரின் சிவப்புக் கட்டடங்களும் உண்டு. அதுபோல் நமக்குத் தஞ்சைப் பெரிய கோயிலும், திருமயம் கோட்டையும், செட்டிநாட்டு வீடுகளும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. வெயில் நுழையாமல் வெளிச்சம் மட்டும் நுழையும் அந்த முற்றங்களைப் பார்க்க வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள். ஆகவே பக்கத்துக் கல்லூரி என்றால் தாழ்வு என்று எண்ண வேண்டியதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், சுற்றிலும் மனைக் கற்கள் மட்டும் நட்டிருக்கும் பொட்டலில் உள்ள கல்லூரியைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். அங்கே மாணவன் எதைப் பார்த்துக் கற்பான்?

தன் இயல்பு என்ன என்பதையும் ஒருவன் அறிந்திருக்க வேண்டும். சில கல்லூரிகளில் தொழில்நுட்பத்துக்கு மதிப்பு அதிகம். பொறியியல் நிறுவனத்தின் ஒரு துறையாக இருப்பவை பெரும்பாலும் அப்படி. சிலவற்றில் ஓவியமும் கோட்பாடும் முன்னே நிற்கும். சிலவற்றில் ஊர், மக்கள், குறைந்த செலவு வீடு என்பவை முன்னே நிற்கும். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லை மிச்சப்படுத்திக் கட்டியதைக் கேட்டு மனம் துள்ளுபவனைக் கணினிப் படங்களையே போற்றும் இடத்தில் கொண்டு விட்டால் வாடிப்போவான். என் தங்கை எந்த வகை? அவள் பொருள்களைப் பிரித்துப் பார்ப்பவள். வீட்டுத் தையல் இயந்திரத்தை இரண்டு முறை பிரித்திருக்கிறாள். ஒரு முறை சரியாகப் பூட்டினாள். அவளுக்குப் பட்டறை உள்ள கல்லூரியே ஏற்றது என்பது என் எண்ணம். அவளுக்கோ சென்னை என்றால் போதும். காரணம் கேட்டால், "அண்ணே, நீ மட்டும் முந்நூறு கிலோமீட்டர் போகலாம், நான் போகக் கூடாதா?" என்கிறாள். அம்மாவுக்குத் திருச்சிக்கு அப்பால் உலகமே இல்லை.

இனிப் பணத்துக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன்.

கடந்த ஆடி மாதம் அப்பா தங்கையை ஆங்கிலம் பேசும் வகுப்பில் சேர்த்துவிட்டார். மாதம் 1,500 ரூபாய். "அவன் இங்கிலீசு வராமத்தான் வந்தான், இவளாவது தப்பிக்கட்டும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அன்றிரவு உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆங்கிலத்துக்காக நான் திரும்பவில்லை. அது கடினமாக இருந்தது. ஆனால் மெல்ல வந்திருக்கும். பத்தாம் நாள் மாலை, ஐந்தாண்டுக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் திரும்பினேன். பணம் என்று சொன்னால் அப்பாவுக்கு அது தம் குறையாகப் படும் என்று ஆங்கிலத்தின்மேல் பழியைப் போட்டேன். அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு ஆச்சு அந்தக் கணக்குல?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அதக் கேட்டுருந்தா அன்னைக்கே வேற வழி பாத்துருக்கலாமே" என்றார். கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது அப்பாவின் கூலிக் கணக்கு நோட்டிலேயே நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறோம். கல்விக் கட்டணம் அதில் ஒரு வரிதான். காகிதம், அச்சு, அட்டை, சுற்றுலா, கணினி, விடுதி, ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாம் தனித்தனி வரிகள். இந்த இதர வரிகளின் தொகையை அங்கே படிக்கும் மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும். அலுவலகத்தில் சொல்ல மாட்டார்கள். அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் கல்விக் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு; அட்டை விலையில் வேறுபாடு இல்லை. ஆனால் மேல்மாணவர்களிடம் வரைபலகையும் மட்டங்களும் பாதி விலைக்குக் கிடைக்கும் பழக்கமும், மீந்த அட்டைகளைப் பொதுவில் போட்டுவைக்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அப்படிப்பட்ட கல்லூரிக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடுவேன்.

முதல் பட்டதாரிச் சலுகை பற்றியும் ஒரு சொல். அது ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே. அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருந்தாலும், சலுகையை முன்பே பயன்படுத்தியிருந்தாலும் இளையவருக்குச் சிக்கல். வட்டாட்சியர் அலுவலகத்தில் இதைக் கலந்தாய்வுக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். கல்லூரி வாசலில் நின்று கேட்கக் கூடாது.

ஐந்தாண்டு என்பதும் ஒரு செலவே. இதை நாம் மறந்துவிடுகிறோம். அவள் முடிக்கும்போது அப்பாவுக்கு ஐம்பத்தாறு வயதாகும். அந்த வயதில் சாரத்தின்மேல் ஏறுவது சரியன்று. முடித்தவுடன் பெரும் சம்பளமும் வந்துவிடாது. ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் கைபழகிய பின்தான் வருமானம் நிலைபெறும் என்று அந்த அம்மையார் ஒளிக்காமல் சொன்னார். நான் அடுத்த ஆண்டு பட்டம் பெற்று வேலைக்குப் போவேன் என்ற நம்பிக்கையில்தான் நோட்டுக் கணக்கு நேராகிறது. இதைத் தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொன்னார். நான் சொல்லிவிட்டேன். ஒரு முறை மறைத்துப் பார்த்தாயிற்று.

நீயே மறுபடி போயேன் என்று வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். வயது தடையில்லைதான். இலங்கையின் ஜெஃப்ரி பாவா வழக்கறிஞராக இருந்தவர். லண்டனில் படித்துக் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957-இல், தமது 38-ஆம் வயதில். ஜப்பானின் டாடாவோ ஆண்டோ எந்தக் கல்லூரியிலும் கட்டடக்கலை படிக்காமலே 1995-இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். 2018-இல் அதே பரிசைப் பெற்ற முதல் இந்தியரான தோஷி மரச்சாமான் பட்டறை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. இவற்றையெல்லாம் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பாவாவுக்குக் குடும்பச் சொத்து இருந்தது என்பதையும் சேர்த்தே படித்தேன். எனக்கு இப்போது இயற்பியல் பிடித்திருக்கிறது. ஒளியியல் வகுப்பில் மட்டும் அந்த மேற்கு நோக்கிய கண்ணாடி நினைவுக்கு வரும்.

சித்திரையில் நாட்டா தேர்வு. அதற்கு முன் வரும் சனிக்கிழமை நாங்கள் நால்வரும் திருச்சிக்கும், அதற்கடுத்த வாரம் அப்பாவும் தங்கையும் நானும் சென்னைக்கும் போகிறோம். இரவு பத்து மணிக்கு ஸ்டுடியோவைப் பார்க்க விடுவார்களா என்று தெரிந்த மாணவர் ஒருவர் மூலம் கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டியவற்றைத் தங்கை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். முதல் வரி விடுதிக் கதவு, இரண்டாவது பட்டறை, மூன்றாவது அட்டை விலை. விடுதித் தளத்தில் விரிசல் இருக்கிறதா என்பதைத் தாம் பார்த்துக்கொள்வதாக அப்பா சொல்லியிருக்கிறார்.